இன்ஸ்டால் அமுக்குவதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணம்மா,

உன் லேப்டாப்பில் விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட முடியுமா என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு, "செய்யலாமே, ஒன்றும் கஷ்டமில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. கஷ்டமில்லை என்பது நிஜம்தான். இப்போதைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏறுவதற்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படாது. ஆனால் அந்த அரை மணியில் ஒரே ஒரு திரை வரும். அந்தத் திரையில் நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மெசேஜில் போடாமல் கடிதமாக எழுதுகிறேன்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது வீட்டில் ஒரு சாம்பல் நிற லேப்டாப் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது ரிப்பேராகி உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது ரிப்பேர் ஆகவில்லை. நான்தான் அழித்தேன். அப்பாவுக்குத் தெரியும். நீ அழுத அழுகையைப் பார்த்து அவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கும் இதே வேலைதான், விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு. விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவு என்றொரு வரியும், டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்றொரு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். அன்று முதல் வரி வரவே இல்லை. இரண்டாவதுதான் இருந்தது, அதிலேயே புள்ளியும் விழுந்திருந்தது. சரி, அடுத்த திரையில் கேட்குமாக்கும் என்று அமுக்கினேன். அடுத்த திரையிலும் ஏதோ கேட்டது. அதையும் படிக்காமல் அமுக்கினேன். பச்சைக் கோடு பாதி ஓடிய பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

அப்போதுகூட நான் பெரிதாகப் பயப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. அதற்குச் சில வருஷம் முன்னால் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் இதே தப்பைச் செய்து, ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை ஓடவிட்டுப் பெரும்பாலான கோப்புகளை மீட்டிருந்தேன். பெயர்களெல்லாம் போய் வெறும் எண்களாக வந்தன, ஆனாலும் வந்தன. அது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதில் ஃபார்மேட் செய்தால் பொருளடக்கத்தைக் கிழித்துப்போட்ட மாதிரிதான். பக்கங்கள் அப்படியே இருக்கும், மேலே வேறு எதையாவது எழுதும்வரை. அந்தத் தைரியத்தில் இங்கேயும் ஃபோட்டோரெக்கை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் எதுவுமே இல்லை. தோண்டிப் பார்த்த இடமெல்லாம் பூஜ்யம்.

அந்த லேப்டாப்பில் இருந்தது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்புகளில் எழுதும் டிரைவ். ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது, முதலில் துடைக்க வேண்டும். எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக நடக்கும், துடைப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான். அதனால் எந்தெந்த இடம் இனி வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிந்தால், டிரைவ் சும்மா இருக்கும் நேரத்தில் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். அப்படித் தெரிவிக்கும் கட்டளைக்கு டிரிம் என்று பெயர். லினக்ஸ் ஒரு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதியை, எக்ஸ்ட்4 என்ற தன் கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யும்போதே, அந்த இடம் முழுவதும் வேண்டாம் என்று டிரைவிடம் சொல்லிவிடுகிறது. சில நொடி வேலை. அதற்குப் பிறகு அங்கே படித்துப் பார்த்தால் பெரும்பாலான டிரைவ்கள் வெறும் பூஜ்யத்தைத்தான் திருப்பித் தரும். எஸ்எஸ்டி வேகமாகவே இருப்பதற்கு உதவும் அதே ஏற்பாடுதான், தாத்தா உனக்குச் சைக்கிள் பழக்கிய அந்த ஒன்றரை நிமிஷ வீடியோவையும் கொண்டுபோயிற்று.

இதை இப்போது சொல்வது உன்னைப் பயமுறுத்த இல்லை. நீ என்னைப் போலவே பொறுமை இல்லாதவள், அதனால் சொல்கிறேன்.

ஆகவே, முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடு. எடுத்த பிறகு இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார். பார்த்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடு. செருகியே வைத்திருந்தால் இன்ஸ்டாலர் காட்டும் பட்டியலில் அதுவும் வரும், கை அதன் மேலும் போகலாம்.

அடுத்தது பிட்லாக்கர், டிரைவில் இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11 உடன் வரும் பல லேப்டாப்களில் என்கிரிப்ஷன் நீ கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். பூட் அமைப்பில், அதாவது கம்ப்யூட்டர் எழும் முறையில், கை வைத்தால், மறுமுறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்த்து அதை ஒரு தாளில் எழுதி வை. அதே லேப்டாப்பிலேயே ஒரு கோப்பாகச் சேமிக்காதே, சிரிக்காதே, அப்படிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதி வைத்த பிறகு என்கிரிப்ஷனை அணைத்துவிடு. டிரைவ் முழுவதும் பழைய நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும், இருக்கட்டும்.

அன்று ஏன் முதல் வரி வரவில்லை என்று பிறகு தேடினேன். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதி முழுதாக அணைவதில்லை. அப்போதைய நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது, அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காக. தூங்குகிறவரின் பார்ட்டிஷனைச் சுருக்க லினக்ஸ் மறுத்துவிடும். பின்னால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் கோப்புகளைத் திறந்தாலும் படிக்கத்தான் விடும், எழுத விடாது. விசித்திரம் என்னவென்றால் ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் ஒழுங்காக அணைந்து எழும், ஷட் டவுன்தான் அரைகுறை. இப்படி நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்கும் ஹைபர்னேஷன் வசதியையே அணைத்துவிட்டால் இதுவும் சேர்ந்து போய்விடும். அதற்கு ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, தனியாக மெசேஜில் அனுப்புகிறேன். கடிதத்தில் எழுதினால் ஒரு இடைவெளி பிசகும்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்துவிடு, லினக்ஸ் இன்ஸ்டாலரிடம் விடாதே. உன் 512 ஜிபியில் பாதிக்கு மேல் காலி என்றாய். ஆனாலும் சுருக்கப் போனால், 30 ஜிபிதான் தர முடியும் என்று விண்டோஸ் பிடிவாதம் பிடிக்கலாம். ஹைபர்னேஷன் கோப்பு, நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் மாதிரி நகர்த்த முடியாதவை நடுவில் உட்கார்ந்திருக்கும். ஹைபர்னேஷனை அணைத்தபின் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்தி ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு மறுபடி பார், பெரும்பாலும் வழிவிடும். சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே, அது ஹார்ட் டிஸ்க் காலத்து வைத்தியம். உபுண்டு தனக்கு 25 ஜிபி போதும் என்கிறது. உன் வேலைக்கு 120 கொடு. காலியாக்கிய இடத்தை அப்படியே விட்டுவிடு, அதற்குப் பெயரோ டிரைவ் எழுத்தோ கொடுக்க வேண்டாம்.

லினக்ஸை டிஸ்க்கின் முன்பகுதியில் வைத்தால் வேகமா என்று கேட்டாயே. சுழலும் தட்டில் முன்பகுதி என்பது வெளி விளிம்பு, அங்கே வேகம் அதிகம், அதனால் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. எஸ்எஸ்டியில் நீ போடும் பார்ட்டிஷன் கோடு வெறும் கணக்குதான். எந்தத் தகவல் எந்தச் சிப்பில் உட்கார வேண்டும் என்பதை டிரைவே தீர்மானித்துக்கொள்கிறது, நாளுக்கு நாள் இடமும் மாற்றுகிறது. ஸ்வாப் (நினைவகம் போதாதபோது லினக்ஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) வைத்தால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். 500 ஜிபி டிரைவ்கள் பலவற்றுக்கு 300 டிபி (3 லட்சம் ஜிபி) எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 20 ஜிபி எழுதினாலும் 40 வருஷம் ஓடும், அதற்குள் நீ ரிட்டையர் ஆகிவிடுவாய். டிரிம்மையும் நீ தொட வேண்டாம், உபுண்டு வாரத்துக்கு ஒரு முறை தானே செய்துகொள்ளும். டிரைவை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் காலி விட்டு வை, அவ்வளவுதான்.

பென்டிரைவ் 8 ஜிபி இருந்தால் போதும், அதில் இருப்பது மொத்தமும் அழியும். அதிலிருந்து பூட் ஆனதும் உடனே இன்ஸ்டாலுக்குப் போகாதே. நிறுவாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழுகிறதா என்று ஒரு மணி நேரம் விளையாடு. நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லிப் பலர் எழுதியிருப்பார்கள். உபுண்டுவுக்கும் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸுக்கும் அது தேவையில்லை, ஆன் ஆகவே இருக்கட்டும்.

இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பதறாதே. சில இன்டெல் லேப்டாப்களில் டிரைவ் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் திறக்கக்கூடிய அமைப்புத் திரையில், அதை ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸை முதலில் சேஃப் மோடுக்கு (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் நிலைக்கு) தயார் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். அந்த நிலை வந்தால் ஒன்றையும் தொடாமல் எனக்குப் போன் செய்.

இப்போது அந்தத் திரை. இன்ஸ்டாலர் தானாகச் செய்யும் வழிகள் எதையும் நீ தேர்ந்தெடுக்காமல், கையால் பார்ட்டிஷன் அமைக்கும் வழிக்குப் போ. உன் எஸ்எஸ்டி "என்விஎம்இ" என்று தொடங்கும் பெயரில் இருக்கும், பென்டிரைவ் "எஸ்டிஏ" என்று இருக்கும். பெயரைவிட அளவைப் பார்த்து அடையாளம் காண்பது நல்லது. சுமார் 100 எம்பியில் எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் பார்ட்டிஷன் ஒன்று முதலில் நிற்கும், லேப்டாப் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் பெரிதாகவும் வைத்திருக்கலாம். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். விண்டோஸ் எழுந்திருக்கத் தேவையான கோப்புகள் அதற்குள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன, உபுண்டுவும் பக்கத்திலேயே தனக்கொரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். இரண்டுக்கும் இடம் உண்டு. அதைப் பயன்படுத்து என்று மட்டும் சொல், ஃபார்மேட் செய் என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடு. நீ காலியாக விட்ட 120 ஜிபியில் ஒரே ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன், அது எங்கே இணைய வேண்டும் என்று கேட்கும் மவுன்ட் பாயின்ட்டில் ஒற்றைச் சாய்கோடு (/). வேறு எதுவும் வேண்டாம்.

அதன்பின் எதையெல்லாம் மாற்றப் போகிறேன் என்று இன்ஸ்டாலர் ஒரு பட்டியல் காட்டும். நான் படிக்காமல் அமுக்கியது அதைத்தான். அதில் ஃபார்மேட் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார். ஒரு தடவைதான் வர வேண்டும், உன் புதுப் பார்ட்டிஷனுக்கு நேராக மட்டும். அந்தத் திரையைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்தத் திரை எத்தனை மணி நேரமானாலும் அப்படியே நிற்கும், ஒன்றும் கெட்டுவிடாது.

முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது நேராக விண்டோஸுக்கே போனால் லினக்ஸ் ஏறவில்லை என்று நினைத்துவிடாதே. பூட் வரிசையில் விண்டோஸ் முதலில் நிற்கிறது, பயாஸில் உபுண்டுவை மேலே ஏற்றினால் சரியாகும். பின்னாளிலும் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஏதாவது நடக்கலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஓர் அப்டேட், செக்யூர் பூட் விதியை இறுக்கியதில் பலருடைய லினக்ஸ் எழாமலே நின்றது. அதனால் அந்தப் பென்டிரைவை அழிக்காமல் ஒரு ஓரமாக வை. அப்புறம் விண்டோஸில் கடிகாரம் சில மணி நேரம் தப்பாகக் காட்டும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் மதர்போர்டுக் கடிகாரத்தில் எழுதுவதால் வரும் சின்னச் சண்டை. அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது, சேர்த்து அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரு, ராத்திரியில் வேண்டாம். சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பி. போனை நான் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அந்தச் சைக்கிள் வீடியோவை நீ ஒரு தடவை உன் பழைய போனில் ஏற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். கண்ணாடி உடைந்த அந்த நீலப் போன். எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, ஆன் ஆகவில்லை. அதன் பூட்டு எண் உனக்கு நினைவிருக்கிறதா?