மெழுகு பூசாமல் ஓடுமா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

முதல் பனி விழுந்த கிழமையிலிருந்து எங்கள் ஒஸ்லோ ஸ்கீக் கடையில் ஒரே கேள்வி: "அண்ணை, ஒவ்வொரு முறையும் ஸ்கீயின் அடியில் இந்த மெழுகைப் பூசிக்கொண்டே இருக்க வேணுமா? ஒருக்காச் செய்தால் கனகாலம் நிற்கிற மாதிரி ஒன்றும் இல்லையா?" பின்னால் நாலு பேர் ஸ்கீயோடு வரிசையில் நிற்கும்போது இதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

இருக்கிறது. ஆனால் உங்களிடம் இருப்பது என்ன வகை ஸ்கீ என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மெழுகு வேலை எங்களுக்கு வருமானம் என்பதை மறைக்கவில்லை. அப்படியிருந்தும் உங்களில் பலர் அதற்காக எங்களிடம் இத்தனை தரம் வரத் தேவையில்லை.

ஸ்கீயின் அடிப்பாகம் பொலித்தீன். சாமான் போடும் பையும் அதுவும் ஒரே குடும்பம்தான். இதில் மூலக்கூறுகள் மிக மிக நீளமானவை, அதனால் எளிதில் தேயாது. பனியில் வழுக்கும்போது அடியில் மெல்லிய ஈரப்படலம் உண்டாகிறது. அந்த ஈரம் அடிப்பாகத்தில் ஒட்டிப் பிடிக்காமல் உருண்டு விலக வேண்டும். மெழுகு செய்வது அதைத்தான். நாலைந்து நாள் ஓடியதும் மெழுகு உரசிப் போய்விடும். இரும்பு விளிம்பை ஒட்டி, குளிரில் வெடித்த தோல் போல வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம். இயந்திரப் பனியில் இன்னும் சீக்கிரம் போகும். லோரென்ஸ்கூக் உள்ளரங்குப் பனிச்சரிவுக்குப் போகிறவர்களின் பலகைகளைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் லங்ரென், அதாவது சமதரையிலும் காட்டுப் பாதையிலும் நடந்து வழுக்கும் ஸ்கீ. இதில் இரண்டு மெழுகு: முனையிலும் வாலிலும் வழுக்குவதற்கு ஒன்று, காலுக்குக் கீழே பிடிப்பதற்கு ஒன்று. தலையிடி தருவது இரண்டாவதுதான். நீல எக்ஸ்ட்ரா என்ற பிடிப்பு மெழுகு மைனஸ் 1 முதல் மைனஸ் 7 பாகை வரை நன்றாகப் பிடிக்கும். பூச்சியத்துக்கு வந்து பனி உருகி உறைந்துவிட்டால் கிளிஸ்டர் என்ற பசை போன்ற மெழுகுதான் வேண்டும். அது கையில், கையுறையில், கார் இருக்கையில் என்று எங்கும் ஒட்டும். (ஒருவர் வீட்டு சோபாவைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். எங்களால் அனுதாபப்பட மட்டுமே முடிந்தது.)

இதற்கு நல்ல மாற்று ஃபெல்லே ஸ்கீ. காலுக்குக் கீழே மொஹேர் பட்டை ஒட்டியிருக்கும். மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர். மயிர் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் முன்னே போகும்போது வழுக்கும், பின்னே உதைக்கும்போது பிடிக்கும். மெழுகு பூசிய ஸ்கீயைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சொங்ஸ்வான் ஏரியிலிருந்து மேலே ஏறி, கொக்கோ குடித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை. பட்டை தேய்ந்தால் புதிதாக ஒட்டலாம்.

ஆனால் "ஃபெல்லே ஸ்கீ வாங்கினேன், இனி ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். முனைக்கும் வாலுக்கும் வழுக்கு மெழுகு வேண்டும். பட்டை மேல் மட்டும் மெழுகோ அதை உருக்கும் இஸ்திரிப்பெட்டியோ படவே கூடாது. பூச்சியப் பாகையில் புதுப்பனி விழுந்தால் பட்டையில் பனிக்கட்டி திரளும். அதற்கென்று இருக்கும் திரவத்தை முதல் நாளே தடவி வையுங்கள். வசந்தத்தில் பழைய மெழுகும் அழுக்கும் ஏறினால் துடைப்பதற்குத் தனித் திரவம் உண்டு.

அப்புறம் மலைச்சரிவில் இறங்கும் அல்பைன் ஸ்கீயும் ஸ்னோபோர்டும். இங்கேதான் "ஒருக்காச் செய்தால் போதும்" என்ற பொருள் வந்திருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து டிபிஎஸ் நிறுவனம் ஃபாண்டம் என்ற பெயரில் கொண்டுவந்தது. அது மெழுகு அல்ல. அடிப்பாகத்துக்குள் ஊறி, புற ஊதா ஒளி பட்டதும் உள்ளேயே இறுகிவிடும் திரவம். டிசம்பர் ஒஸ்லோவில் வெயிலை நம்பமுடியாது என்பதால் புற ஊதா விளக்கின் கீழ் வைக்கிறோம். பழைய மெழுகு துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே ஊறாது. அந்தச் சுத்தம் செய்வதற்குத்தான் அதிக நேரம் போகிறது.

நாங்கள் பார்த்தவரை, சாதாரண நாட்களில் வித்தியாசம் தெரியவில்லை. கடும் குளிரிலும் சொதசொதவென்ற ஈரப்பனியிலும் நல்ல மெழுகு முந்திக்கொள்கிறது. அப்படியான நாளில் இதன் மேலேயே மெழுகு பூசலாம், பிழை இல்லை. அடுத்த வருடம் அளவு மாறப்போகும் பிள்ளையின் ஸ்கீக்கு இதைச் செய்யாதீர்கள், காசு வீண். பிள்ளைகள் போட்டிக்குப் போகிறார்கள் என்றால் மெழுகுதான், வேறு பேச்சில்லை.

ஸ்வீடனில் ஆய்வு செய்த லியோனிட் குஸ்மின் மெழுகே வேண்டாம், இரும்புத் தகட்டால் நன்றாகச் சுரண்டிய அடிப்பாகமே போதும், மெழுகு அழுக்கைத்தான் பிடிக்கும் என்று வாதிட்டார். அதை அச்சடித்துக்கொண்டு வந்து எங்களோடு கதைக்கும் ஒரு வாடிக்கையாளரும் இருக்கிறார். அழுக்கைப் பற்றி குஸ்மின் சொல்வது சரி. மீதியை நாங்கள் இன்னும் ஏற்கவில்லை.

கடைசியாக, கராஜில் கிடக்கும் பழைய டப்பாக்கள். ஒரு காலத்தில் நீடித்து வேகமாக ஓட எல்லாரும் வாங்கியது ஃபுளோரைன் மெழுகு. அது மண்ணிலும் உடம்பிலும் அழியாமல் தங்கும். வருடக்கணக்கில் அதைச் சூடாக்கிப் பூசிய தொழிலாளர்களின் இரத்தத்தில் அந்த வேதிப்பொருள்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தன. 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் முற்றாகத் தடை. 2023 அக்டோபரிலேயே ஆஸ்திரியாவின் சோல்டனில் நடந்த போட்டியில், ஸ்கீயில் ஃபுளோரைன் இருப்பதாகச் சோதனை காட்டியதால் எங்கள் நோர்வே வீராங்கனை ராக்ன்ஹில் மோவின்கெல் தகுதி நீக்கப்பட்டார். பெயரில் ஃபுளோர் என்று இருந்தால் குப்பையில் போடாதீர்கள். நகரசபையின் ஆபத்தான கழிவு இடத்தில் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் எங்களிடம் தாருங்கள், நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

ஃபாண்டம் நிரந்தரப் பூச்சு வேண்டுமென்றால் பலகையை மெழுகு பூசாமல், காயவைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டு நாள் எங்களிடம் இருக்கும். வருடத்தின் எட்டாம் கிழமையில் வரும் பாடசாலை விடுமுறைக்கு முதல் நாள் வந்து "இன்றைக்கே வேணும்" என்றால் எங்களால் முடியாது, இப்போதே சொல்லிவிட்டோம்.

அன்புடன்,
கடையில் இருந்து