அவர் கப்பலில் இருந்தாலும் வீட்டார் வரலாம்
வெள்ளிவிழாச் சந்திப்பு நடத்தவிருக்கும் பேட்ச் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். 2001, 2002 வாக்கில் பயிற்சி முடித்து வணிகக் கப்பலேறிய பேட்ச்களுக்கு இப்போது இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது. நவி மும்பை சாணக்யா பயிற்சி நிறுவனத்தில் மூன்று வருடம் நாட்டிகல் சயன்ஸ் (கப்பல் செலுத்தும் படிப்பு) படித்தவர்கள், கல்கத்தாவில் நான்கு வருடம் மெரைன் இன்ஜினியரிங் முடித்தவர்கள் என்று பலரும் சென்னையில் கூட இடம் தேடுகிறீர்கள். 1927இல் டஃபரின், 1972இல் ராஜேந்திரா, 1993இல் கரையேறிய சாணக்யா என்று வரிசையாக வந்த பயிற்சிக் கப்பல் பரம்பரையில் கூடிக் கலைவது புதிதல்ல. ஆனால் புதிய குழு ஒவ்வொன்றும் அதே நாலைந்து தவறுகளில்தான் போய் நிற்கிறது. அதனால் இந்த மடல்.

முதல் தவறு, ஆளை எண்ணுவது. அறுபது பேர் பேட்ச் என்றால் அறுபது பெயருக்கு எதிரே ‘வருகிறார்’, ‘வரவில்லை’ என்று குறிக்கிறீர்கள். கப்பலில் இருப்பவர் ‘வரவில்லை’ பக்கம் போய்விடுகிறார். அவரோடு சேர்த்து அவர் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லோரையும் அடித்துவிடுகிறீர்கள். வீட்டை எண்ணுங்கள். அறுபது வீடு. அவர் கப்பலில் இருந்தாலும் வீட்டார் வரலாம் என்று முதல் அறிவிப்பிலேயே எழுதுங்கள். தேதி, பணம், அறை, மேடை எல்லாமே இந்த ஒரு வரியை ஒட்டித்தான் அமைய வேண்டும்.

தேதிக்கு வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். கரையில் வேலை பார்ப்பவர் உடனே தட்டிவிடுவார்; கப்பல்காரர் தட்டமாட்டார், தட்டினாலும் அது பொய்யாகிவிடும். ஒப்பந்தம் நாலு மாதம் என்றால் சைன் ஆஃப் (கப்பலை விட்டு இறங்குவது) மூன்றாம் மாதமும் ஆகலாம், ஐந்தரை மாதமும் ஆகலாம். மாற்றாக வர வேண்டிய ரிலீவருக்கு விசா வராது, மெடிக்கலில் நின்றுவிடுவார், கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரர் அதை ஆள் மாற்ற முடியாத துறைமுகத்துக்குத் திருப்பிவிடுவார். ஆகவே ‘வர முடியுமா’ என்று கேட்காமல், ‘எந்த மாதம் இறங்குவதாக இருக்கிறது’ என்று கேட்டு ஒரு தாளில் குறியுங்கள். முன்னும் பின்னும் ஒரு மாதம் தள்ளிப் பாருங்கள். அதிகம் பேர் கரையில் இருக்கும் வாரம் எதுவோ அதுதான் தேதி. ஒரே கம்பெனியில் ஒரே கப்பலுக்கு மாறி மாறிப் போகும் இரண்டு சீஃப் இன்ஜினியர்கள் உங்கள் பேட்சில் இருக்கக்கூடும். ஒருவர் ஏறினால்தான் மற்றவர் இறங்க முடியும் என்பதால் இருவரும் சேர்ந்து எந்தச் சந்திப்புக்கும் வரமாட்டார்கள். இந்த முறை யார் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

பிப்ரவரி, மார்ச் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வரி ஆண்டில் ஒருவர் இந்தியாவில் 182 நாள் இருந்துவிட்டால் வரிக்கணக்கில் உள்நாட்டவர் ஆகிவிடுவார். வெளிநாடு போகும் கப்பலில் இருப்பவருக்கு, சி.டி.சி.யில் (கடலோடியின் பதிவுப் புத்தகத்தில்) பதிந்த சைன் ஆன் (கப்பலேறிய) தேதியிலிருந்து சைன் ஆஃப் தேதி வரை இந்தியாவில் இருந்த நாளாகச் சேராது. அதாவது 365 நாளில் 184 நாள் வெளிக்கணக்கு காட்டியாக வேண்டும். ஏழெட்டு நாள் குறைகிறவர் மார்ச் 31க்குள் கப்பல் பிடிப்பார், இல்லையென்றால் துபாய்க்கோ கொழும்புக்கோ போய் உட்காருவார். உங்கள் விருந்துக்காக ஒரு வருட வரியை அவர் கட்டமாட்டார். கட்டச் சொல்வதும் நியாயமில்லை.

சென்னை என்றால் நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும் மழைக்கு உரியவை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் விமான நிலையமே நின்றுபோனது. டிசம்பர் கடைசியில் சபா சீசன், கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றும் சேர்ந்து ஈ.சி.ஆர். விடுதிகளின் வாடகையை எங்கோ கொண்டுபோய்விடும். பொங்கல் வாரத்தில் ரயில் டிக்கெட் கிடைக்காது. நவம்பர் முதல் மார்ச் வரை பார்த்தால் மிஞ்சுவது ஜனவரி முதல் வார இறுதி. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும். சிங்கப்பூர் வீடுகளுக்கு அதற்குள் பள்ளி திறந்துவிடும். எல்லாருக்கும் ஒத்துவரும் தேதி கிடையாது. யாருக்கு ஒத்துவரவில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்து அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அது போதும்.

பணத்துக்கு வருவோம். அறை வாடகையைக் குழு வாங்கவே கூடாது. விடுதியில் குழு விலையைப் பேசி முடித்து, அவரவர் அவரவர் கார்டில் கட்டிக்கொள்ளட்டும். பொதுப்பணம் என்பது அரங்கு, சாப்பாடு, ஒலிபெருக்கி, பேருந்து ஆகிய நான்குக்கு மட்டும். கை வழியாகப் போகும் தொகை சின்னதாக இருந்தால் சண்டையும் சின்னதாக இருக்கும். அதை இருவர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கில் வையுங்கள். கப்பல் ஓட்டுகிறவர்களுக்குத் தனி விதி தேவை: சந்திப்புக்கு ஏழு நாள் முன்புவரை சொன்னால் அவர் தலைக்குரிய பங்கு முழுவதும் திரும்பக் கிடைக்கும். மற்றவர்களுக்குக் கிடையாது. இதைப் பாரபட்சம் என்று கரைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். விதி இல்லாவிட்டால் கப்பல்காரர் கடைசி வாரம்வரை பணமே அனுப்பமாட்டார், விடுதிக்கு எண்ணிக்கை சொல்ல முடியாமல் நீங்கள்தான் திண்டாடுவீர்கள். சாப்பாட்டுக்கு ‘மினிமம் கேரண்டி’ எழுதித் தரும்போது எதிர்பார்க்கும் தலைக்கணக்கில் பத்து சதவீதம் குறைத்தே எழுதுங்கள். கூடுதலாக வருகிறவர்களுக்குத் தட்டுக் கணக்கில் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். எழுதிக்கொடுத்ததைக் குறைக்க மாட்டார்கள்.

இறந்துபோன நண்பரின் பிள்ளைகள் படிப்புக்கென்று நிதி திரட்டும் எண்ணம் எல்லா பேட்சிலும் வருகிறது. நல்லதுதான். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டை வைத்திருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பார்வையில் அந்நிய மூலம்தான். சங்கமோ அறக்கட்டளையோ அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தருவதற்கு இந்தத் தடை இல்லை. பேட்ச் பட்டியலில் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று தெரியாமல் கணக்கு எண்ணைக் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

அடையாள அட்டை சின்ன விஷயம்தான், ஆனால் அதில்தான் வீட்டாரை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது தெரியும். மனைவியின் அட்டையில் ‘மிஸஸ் இன்னார்’ என்று போடாதீர்கள். அவர் பெயர், அவர் ஊர். பேட்சில் பெண் கேடட் (பயிற்சி மாணவி) இருந்தால் அவர் கணவர்தான் கூட வருபவர், ஆகவே ‘லேடீஸ் புரோகிராம்’ என்ற தலைப்பையே எடுத்துவிடுங்கள். கேடட்டின் அட்டையில் பட்டப்பெயர் பெரிதாகவும் நிஜப்பெயர் அதற்குக் கீழும் இருக்கட்டும், ஏனென்றால் இருபத்தைந்து வருடமாக நண்பர்களுக்குத் தெரிந்தது பட்டப்பெயர்தான். எழுத்து ஒரு விரல் அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எல்லாருக்கும் வெள்ளெழுத்து வந்தாயிற்று.

குடும்பத்தோடு கப்பலைச் சுற்றிப் பார்க்கலாம் என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். 2004 ஜூலை 1 முதல் ஐ.எஸ்.பி.எஸ். என்ற கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகள் நடப்பில் இருக்கின்றன. அப்போதிருந்து துறைமுக வாசல் வேறு, கப்பல் ஏணி வேறு, இரண்டுக்கும் தனித்தனி அனுமதி. ஆளுக்கொரு அடையாள அட்டை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் கூடுதல் விசாரணை, அத்தனையும் முடிந்த பிறகு கப்பலே முந்தின இரவு கிளம்பிப்போயிருக்கும். எண்பது பேரை வெயிலில் நிறுத்தும் வேலை அது. விட்டுவிடுங்கள். பழைய வளாகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அது தனிப் பயணம். வளாக நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, தேர்வு நாட்கள் இல்லாத வாரமாகப் பார்த்துப் போங்கள்.

மாலை நிகழ்ச்சியில் உரை வேண்டாம், ரோல் கால் போதும். சனிக்கிழமை ஆறு மணிக்கு, பிள்ளைகள் சோர்வதற்குள் தொடங்குங்கள். பயிற்சிக் காலத்துப் பழைய எண் வரிசையில் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுங்கள். வந்தவர் எழுந்து ‘சார்’ என்று பதில் சொல்லட்டும். கப்பலில் இருப்பவரின் எண்ணுக்கு அவர் வீட்டில் யார் வந்திருக்கிறார்களோ அவர்கள் எழுந்து எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று சொல்லட்டும். உடனே அவர் அனுப்பிய காணொளியைப் போடுங்கள். நேரலை அழைப்பை நம்பாதீர்கள். கப்பலில் இணையம் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் அவர் கேப்டனாகவோ சீஃப் இன்ஜினியராகவோ இருப்பார், நீங்கள் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறுவார். காணொளி அறுபது விநாடி, ஃபோனைப் படுக்கவைத்து எடுத்தது, இரண்டு வாரம் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். பிரிட்ஜிலோ இன்ஜின் ரூமிலோ எடுத்தால் ஏசி, மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது. கேபினில் எடுக்கச் சொல்லுங்கள்.

இறந்தவரின் எண்ணை விட்டுவிடாதீர்கள். அந்த வீட்டாரை இரண்டு மாதம் முன்பே நேரில், முடியாவிட்டால் குரல் அழைப்பில், அழையுங்கள். குழுச் செய்தியாக அனுப்புவது அவமரியாதை. எண்ணைச் சொல்லலாமா, படத்தைக் காட்டலாமா, எந்தப் படம், பெயரை எப்படி எழுதுவது என்று அவர்களையே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். பெயர்களை எல்லாம் சொல்லி முடித்ததும் கப்பல் மணியில் எட்டு அடி அடியுங்கள். கப்பலில் அரை மணி நேரத்துக்கு ஒரு அடி என்று ஏறிக்கொண்டே போய், நாலு மணி நேர வாட்ச் (பணிமுறை) முடியும்போது விழுவதுதான் எட்டாவது அடி. கடலோடிக்கு விடை கொடுப்பதும் அதே எட்டு. வரிசையாக எட்டு தடவை அடிப்பதல்ல அது. இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடிக்குள் இடைவெளி சின்னது, ஜோடிகளுக்கு நடுவே ஒரு மூச்சு. மணியின் நாக்கில் கட்டிய கயிற்றைக் குட்டையாகப் பிடித்து மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும். கையை வீசினால் நாக்கு திரும்பி வந்து ஒன்பதாவது அடி விழும். மைக் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மணி வாங்க வேண்டுமென்றால் குஜராத்தின் அலங்கில், உடைக்க வந்த கப்பல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். புதுப் பித்தளை மணியின் நாதம் அதற்கு ஈடாகாது என்பது எங்கள் கட்சி. மணி அடித்து முடியும்வரை பார் திறக்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பார் பற்றியும் ஒன்று. விடுதியின் மது உரிமம் பார் அறைக்கு மட்டுமா, உங்கள் அரங்குக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். திறந்த புல்வெளியில் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது, அது 2000ஆம் ஆண்டு விதி. சாப்பாட்டை எட்டரைக்குள் பரிமாற ஆரம்பித்துவிடுங்கள். குடிப்பவர்களுக்காகப் பத்தரைவரை நிறுத்தி வைத்தால் பிள்ளைகளும் பெரியவர்களும் சிப்ஸ் தின்று தூங்கிப்போவார்கள். மேடையேறி ராகிங் கதைகளை வீரக்கதை மாதிரிச் சொல்ல ஆசைப்படுகிறவரிடமிருந்து மைக்கை வாங்கிவிடுங்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் அடுத்த வருடம் ஹாஸ்டலுக்குப் போகிறவர்கள்.

ஞாயிறு காலை இட்லிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒரு மேஜை போடுங்கள். ‘காகித மேஜை’ என்று எழுதி வையுங்கள், பேச்சாளர் வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள்: கப்பல்காரரின் சி.டி.சி. எண், இண்டாஸ் எண் (கடலோடிகளுக்கான அடையாள எண்), பாஸ்போர்ட் எண். அவரைக் கப்பலுக்கு அனுப்பிய மேனிங் ஆபீஸின் பெயர், அதன் ஆர்.பி.எஸ்.எல். (ஆள் சேர்க்கும்) உரிம எண், இரவிலும் எடுக்கும் தொலைபேசி. கப்பலின் பெயரோடு ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் (பெயர் மாறும், இது மாறாது). கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் எங்கே இருக்கிறது என்பது. வாரிசு நியமனம் திருமணத்துக்கு முன் எழுதியதாகவே இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். பலருடையது அப்படித்தான் இருக்கும். கணவரின் என்.ஆர்.இ. (வெளிநாட்டு வருமானத்துக்கான) வங்கிக் கணக்கை மனைவி பவர் ஆஃப் அட்டர்னியில் இயக்கிக்கொண்டிருந்தால், கணவர் இறந்த கணமே அந்தப் பவர் செத்துவிடும். உள்நாட்டில் இருக்கும் மனைவியை ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ (முதலில் பெயருள்ளவர், அவருக்குப் பின் மற்றவர்) முறையில் கூட்டாகச் சேர்க்க இடமுண்டு. படிவத்தை மேஜையிலேயே வையுங்கள். ஓ.டி.பி. வரும் இந்தியச் சிம் அவரோடு அட்லாண்டிக்கில் இருந்தால் வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? சிம் வீட்டில் இருக்கட்டும், ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த மேஜைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும். அவர் கப்பலில் இருந்தால் அந்த அம்மா தனியாக வரட்டும். பதில் தெரியாத கட்டங்களை வட்டமிட்டு, அந்தத் தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பட்டும். அவர் அடுத்த துறைமுகத்துக்குள் நிரப்பி அனுப்பிவிடுவார்.

அழைப்பை அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பட்டியலில் வீட்டாரின் தொலைபேசி எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் வேலையை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
இந்தச் சந்திப்புகளின் பின்கட்டு வேலையைப் பார்ப்பவர்கள்,
சென்னை