70 நிமிட வரிசை

ஜாக்சன்வில், ஃபுளோரிடா
ஜூலை, ஞாயிறு காலை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மூட்டு வலியோடு உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி சொல்ல உன்னை மூன்று தடவை வரவழைத்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு வா என்று சொல்லிவிட்டு மதியம் இரண்டு மணி வரைக்கும் நடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நீ கேட்ட கேள்வி. "அவ்வளவு டாலர் கொடுத்து டிஸ்னி பார்க்குக்குப் போனது வெயிலில் வரிசையில் நிற்கவா? திருப்பதியில் நின்றால் பெருமாளையாவது பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாய். முப்பத்தொரு வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வரிசையை எதிர்ப்பக்கமிருந்து பார்த்தவள் நீ. கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. போவதற்கு முந்தின நாள் நானும் மருமகளிடம் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். ஆனால் மீனா, போய்வந்து மூன்று வாரம் ஆகிறது. அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வரிசையில் நின்ற நேரம்தான். சவாரிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கிருந்து ஆர்லாண்டோவுக்குக் காரில் இரண்டரை மணி நேரம். நாங்கள் போனது மேஜிக் கிங்டம் என்ற பார்க். 1971 அக்டோபரில் திறந்தது. காரை நிறுத்திவிட்டு ஏரியைப் படகில் தாண்டி வாசலுக்குப் போனோம். உள்ளே பேத்தி முதலில் இழுத்துக்கொண்டு போனது, பீட்டர் பேன் என்ற பறக்கும் சிறுவனின் கதையை வைத்துச் செய்த சவாரிக்கு. வாசல் பலகையில் 70 நிமிடம் என்று போட்டிருந்தது. சவாரி எவ்வளவு நேரம் என்று மகனிடம் கேட்டேன். ஏறக்குறைய மூன்று நிமிடம் என்றான். எனக்கு மனசு விட்டுப் போயிற்று.

அங்கே நின்ற பணியாளர் பேத்தியின் கையில் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்து, சவாரியில் ஏறும் இடத்தில் இருப்பவரிடம் இதைக் கொடுத்துவிடு என்றார். யாரோ ஒருவரிடம் இப்படிக் கொடுத்தனுப்பி, அட்டை போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத்தான் வரிசையின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். எனக்கு உன் வங்கியின் பித்தளை டோக்கன் ஞாபகம் வந்துவிட்டது. நம்பர் பொறித்த அந்த வட்டத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களே, அதே மாதிரிதான் இவளும் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கயிறு கட்டி, பாம்பு மாதிரி மடித்து மடித்து விட்டிருக்கிற வரிசை அது. நேர் வரிசையில் நின்றால் ஒருவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மடிப்பு வரிசையில் அப்படி இல்லை. நாம் இந்தப் பக்கம் போகும்போது பக்கத்து மடிப்பில் எதிரே வருகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அதே முகங்கள். முதல் தடவை கண்ணை எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவது தடவை லேசாகச் சிரிக்கிறோம். மூன்றாவது தடவை அந்த அம்மா என் பருத்திப் புடவையைக் காட்டி, இந்த வெயிலுக்கு இது சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டாள். நாலாவது தடவை அவள் கைவிசிறியை என் பக்கம் நீட்டி நாலு வீசு வீசிவிட்டுப் போனாள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவளாம், அவளுக்கும் ஒரு பேத்தி. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த திருப்பத்தில் அவளைக் காணோம் என்றால் நான் தேடத் தொடங்கிவிட்டேன்.

நடுவில் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பழக்கம் விடுமா? ஒரு கம்பத்தைக் குறி வைத்துக்கொண்டோம். நிமிடத்துக்கு எத்தனை பேர் அதைத் தாண்டுகிறார்கள் என்று ஐந்து நிமிடம் எண்ணிப் பார்த்தோம். சராசரி ஒன்பது பேர். எங்களுக்கு முன்னால் நாலு மடிப்பு, மடிப்புக்குச் சுமார் 45 பேர். அப்படியானால் 180 பேர். ஒன்பதால் வகுத்தால் 20 நிமிடத்தில் கூரைக்குள் போய்விடுவோம் என்று சொன்னேன். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்துக் காட்டிய விதி இதுதான். வரிசையில் நிற்கிறவர்களின் எண்ணிக்கை, அவர்கள் வந்து சேரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. கடையானாலும் தொழிற்சாலையானாலும் பொருந்தும். கூரைக்குள் நாங்கள் போனது 22ஆவது நிமிடம். பேத்தி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பார்வை அதிகம் கிடைத்ததில்லை.

கூரைக்குள் போனால் குழந்தைகளின் படுக்கையறை மாதிரி ஒரு அறை. 2015இல்தான் இதைச் சேர்த்தார்களாம். அதற்கு முன்னால் இங்கேயும் வெறும் வரிசைதானாம். ஒரு பக்கச் சுவரில் நம் நிழல் விழுகிறது. அந்த நிழல்களோடு வண்ணத்துப்பூச்சிகளின் நிழலும் பறக்கிறது. பேத்தி கையை நீட்டினாள். பூச்சியின் நிழல் வந்து அவள் கை நிழலின் விரல்மேல் உட்கார்ந்து இறக்கையை மெதுவாக விரித்து மூடியது. சுவரில் மணிகளின் நிழலும் தொங்குகிறது, நம் நிழல் பட்டால் ஒலிக்கிறது. எங்களுக்கு முன்னால் தூக்கத்துக்கு அழுதுகொண்டிருந்த சின்னப் பையன் ஒருவன், மணி ஒலித்ததும் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நானும் நீட்டினேன். கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் எனக்கும் ஒன்று வந்து உட்கார்ந்தது. வரிசை நகர்ந்தபோது அதைக் கலைக்க மனம் வராமல் கையை எடுக்காமலே நகர்ந்தேன்.

அங்கேதான் பேத்தி அந்த விஷயத்தைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மதியம் தயிர்சாதத்தைத் திறந்தபோது பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து இவள் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நாலு மாதமாக அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி, அவளுடைய அரைகுறைத் தமிழில் சொன்னாள். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். அங்கே போக இடமில்லை, செய்ய வேலையில்லை, இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், வாய் தானாகத் திறந்துகொள்கிறது. நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டேன். இரண்டடி நகர்ந்தோம்.

சவாரி அழகாகத்தான் இருந்தது. சின்னக் கப்பல் ஒன்றில் தொங்கியபடி, இரவில் விளக்கெரியும் லண்டனுக்கு மேலே பறக்கிறோம். கப்பலில் இடம் குறைவு, அதனால்தான் அங்கே வரிசை எப்போதும் நீளமாக இருக்கிறது. சிவப்பு அட்டையைப் பேத்தி கொடுத்தபோது மகன் கடிகாரத்தைப் பார்த்தான். 58 நிமிடம். பலகையில் கொஞ்சம் கூட்டியே போடுவார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். 70 என்று நினைத்து வந்தவளுக்கு 12 நிமிடம் திரும்பக் கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

பேய் மாளிகை வேறு விதம். அங்கே வண்டிகள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நாமும் நகரும் தரையில் நடந்துதான் ஏற வேண்டும். அதனால் வரிசையும் அதிகம் தேங்குவதில்லை. வெளியே கல்லறைத் தோட்டம், அதையும் 2011இல் விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லறையில் செதுக்கியிருக்கிற வாத்தியங்களைத் தொட்டால் இசை வருகிறது. எனக்குப் பின்னால் நின்ற ஆள் ஒன்றைத் தொட, நான் ஒன்றைத் தொட, முன்பின் தெரியாத ஆறு பேர் சேர்ந்து ஒரு நிமிடம் கச்சேரி நடத்தினோம். உள்ளே எல்லோரையும் எண்கோண அறை ஒன்றில் விட்டுக் கதவை மூடுகிறார்கள். சுவர் மேல்நோக்கி நீள்கிறது. இங்கே கூரைதான் உயருகிறதாம். கலிஃபோர்னியாவில் 1969இல் திறந்த முதல் மாளிகையில் அந்த அறை உண்மையிலேயே ஒரு லிஃப்ட். ரயில் பாதைக்கு அடியில் போவதற்காக ஆட்களைக் கீழே இறக்கும் வேலை அதற்கு. யோசித்துப் பார், அந்த அறையும் காத்திருக்கிற இடம்தான். ஆனால் அங்கே காத்திருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

எல்லா வரிசையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மகன் ஏழாவது படிக்கும்போது ஊர்ப் பக்கத்துப் பார்க் ஒன்றுக்குக் கூட்டிப்போய் நான் அழுதுவிட்டு வந்த கதை உனக்குத் தெரியும். தகரக் கூரைக்கு அடியில் இரண்டு மணி நேரம். வரிசை ஏன் நகரவில்லை என்று சொல்ல ஆளில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாகத் தெரிந்தவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் மெஷின் ரிப்பேர் என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளை காரில் வாயே திறக்கவில்லை. நின்ற நேரத்தைவிட, யாரும் ஒரு வார்த்தை சொல்லாததுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் இதைப் பற்றி எழுதியதை மகன் எடுத்துக் காட்டினான். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லாத காத்திருப்பும், நியாயமில்லாத காத்திருப்பும் நீளமாகத் தோன்றும், தனியாகக் காத்திருப்பவருக்கு இன்னும் நீளம் என்கிறார். அந்தத் தகரக் கூரையை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

நியாயம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கேயும் பணம் கட்டினால் தனி வழி இருக்கிறது, லைட்னிங் லேன் என்று பெயர். 1999 முதல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். 2021இல் அதை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்துவிட்டார்கள். என் காலுக்காக மகன் ஒரு சவாரிக்கு மட்டும் வாங்கியிருந்தான். பத்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். எங்களைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முடியாதவர்களுக்குத் தனி வழி வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வரிசையின் சுகம் பாதி எதில் இருக்கிறது தெரியுமா? பக்கத்தில் நிற்கிறவரும் நம்மைப் போலவே நிற்கிறார் என்பதில்தான். அது போய்விட்டால் சுவரில் எத்தனை வண்ணத்துப்பூச்சி விட்டாலும் ஈடாகாது.

இன்னொன்று. பறக்கும் யானைச் சவாரிக்கு 2012இல் சர்க்கஸ் கூடாரம் போட்டு, உள்ளே விளையாட்டு இடம் வைத்தார்கள். அப்போது பெற்றோர் கையில் ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள், முறை வந்தால் அது அதிரும், அதுவரை பிள்ளைகள் விளையாடலாம். பேத்திக்கு மூன்று வயதாக இருந்தபோது போய்வந்த மருமகள் இதைப் புகழ்ந்து சொன்னாள். கைக்குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்தான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையோடு நான் வரிசையில் நிற்கவே விரும்புவேன். அவளை விளையாட அனுப்பிவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் தயிர்சாத விஷயம் எனக்கு எப்படித் தெரியும்?

மற்ற சமாச்சாரங்கள் சுருக்கமாக. மகனுக்கு வேலை மாற்றம் இருக்கலாம், இன்னும் முடிவாகவில்லை. மருமகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியே போன வாரம் தானாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்ததும் டப்பாவில் எலுமிச்சைச்சாதம் போகும், தயிர்சாதத்தை வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். என் சர்க்கரை அளவு பரவாயில்லை. மாடித் தோட்டத்தில் நீ வைத்த பிச்சிக்கொடி பூத்ததா என்று நீ எழுதவே இல்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 18 எனக்கு விமானம், 20ஆம் தேதி மதுரையில் இருப்பேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதே. தேதியை எனக்கு எழுது, நான் வருகிறேன். நேராக வரவேற்பு மேஜைக்குப் போய், டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், நமக்கு முன்னால் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டுவிடுகிறேன். மூன்றும் தெரிந்தால் மிச்சக் கணக்கை நான் போட்டுக்கொள்வேன். ஃபிளாஸ்கில் காபி எடுத்து வருகிறேன். உன் மகள் கல்யாணப் பேச்சு எங்கே நிற்கிறது என்று நீ இரண்டே வரியில் முடித்துவிட்டாய். அதை அந்த நடையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்.

அன்புடன்,
உன் சரோஜா