முதலில் ஆன்டெனா, பிறகு டியூனர்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு பழைய ஆம்ப்ளிஃபையரைத் தூசி தட்டி எடுத்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான்.

அதோடு சேர்க்க எந்தப் பழைய எஃப்.எம். டியூனர் (ரேடியோ ஸ்டேஷனைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். நீ எழுதிய மராண்ட்ஸ் 10பி வேண்டாம். அழகான கருவிதான், முகப்பிலேயே சிக்னலின் வடிவத்தைக் காட்டும் அலைக்காட்டித் (ஆசிலோஸ்கோப்) திரை உண்டு. ஆனால் 1960களின் வால்வு டியூனர் அது. கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். 1970களின் பிற்பாதியில் வந்த சான்சுய் டியு-717, கென்வுட் கேடி-7500 மாதிரி ஒன்றைப் பார். அதிலும் மாடல் பெயரைவிட நிலைமையைப் பார்த்து வாங்கு.

இத்தனை வருஷத்தில் உள்ளே ஸ்டேஷனைச் சரியாகப் பிடிக்கவைக்கும் கம்பிச்சுருள்களும் (காயில்) டிரிம்மர் என்கிற குட்டித் திருகுகளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும். பலமான ஸ்டேஷன் ஒன்றை வைத்துப் பார்: ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததும் முள் நடுவில் நிற்கும் நடுமுள் மீட்டர் நடுவைக் காட்டும் அதே இடத்தில், பலத்தைக் காட்டும் சிக்னல் மீட்டரும் உச்சத்தைத் தொடவேண்டும். தொடவில்லையென்றால் அலைன்மென்ட், அதாவது உள் சீரமைப்பு, போயிருக்கிறது. ஸ்டீரியோ விளக்கை மட்டும் நம்பாதே. ஸ்டீரியோ ஒலிபரப்பு என்று அடையாளம் காட்ட ஸ்டேஷன் அனுப்பும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னல் வந்தாலே அது எரிந்துவிடும். இடது வலது தெளிவாகப் பிரிகிறதா என்று காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த நாட்டுக்காகச் செய்த செட் என்பதையும் விசாரி. ஜப்பான் உள்நாட்டு செட் 100 வோல்ட்டில் ஓடும், அலைவரிசையும் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 வாக்கிலேயே முடிந்துவிடும். அமெரிக்க டிஜிட்டல் டியூனர்கள் பல 0.2 மெகாஹெர்ட்ஸ் வீதம் தாவும், உன் ஸ்டேஷன் இடையில் மாட்டிக்கொள்ளலாம். ஒலிபரப்பில் தூக்கி அனுப்பும் உச்ச ஸ்வரங்களை டியூனர் திரும்பக் குறைக்கும் அளவான டீ-எம்ஃபசிஸும் அங்கே 75 மைக்ரோ விநாடி. அந்த செட்டை 50 மைக்ரோ விநாடி பயன்படுத்தும் நாட்டில் கேட்டால் உச்ச ஸ்வரங்கள் மங்கிப்போகும்.

ஆனால் மூர்த்தி, இதையெல்லாம்விட ஆன்டெனாதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மோனோவில் சுத்தமாகக் கேட்கிற ஸ்டேஷன் ஸ்டீரியோவுக்கு மாற்றினதும் இரைகிறது என்றால், பெரும்பாலும் டியூனர்மேல் தப்பில்லை. ஸ்டீரியோவில் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல் கூடும், அதை அமுக்க நல்ல பலமான சிக்னல் வேண்டும். 300 ஓம் தட்டை ஒயரில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு மடிப்பு டைபோல் (இரு முனையும் மடக்கி இணைத்த எளிய ஒயர் ஆன்டெனா) ஒன்று செய்து, உயரத்தில், அதன் அகலப்பக்கம் ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்க்கும்படி கட்டு. கையில் இருக்கிற சின்ன ரேடியோவை வைத்து எந்த ஸ்டேஷன் எவ்வளவு எட்டுகிறது என்று இப்போதே குறித்து வை. அந்தக் குறிப்போடு, பார்த்துவைத்த டியூனரின் பின்பக்கப் படத்தையும் அனுப்பு. ஆன்டெனா முனைகளையும் வோல்ட் எழுத்தையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ராகவன்