சுங்கை சிப்புட்லேருந்து அம்மா

பாப்பா,

சாப்பிட்டியாம்மா? அப்பாவுக்கு பிரஷர் பரவால்ல. தோட்டத்துல பழைய செம்பனையெல்லாம் சாய்ச்சு மறுநடவு பண்றாங்க, ரோடு பூரா லோரி, வீடெல்லாம் தூசி.

ஈஸ்டர் பூசைக்கு நீங்க ரெண்டு பேரும் வந்தது எனக்கு எவ்ளோ சந்தோஷம். ஆனா எல்லாரும் நன்மை எடுக்க, அதான் இயேசுவோட உடலா மாறுன அப்பத்த வாங்க, எழுந்து போறப்ப நீ மட்டும் பெஞ்சுலயே உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருந்தியே, பெரியம்மா கேட்டதுக்கு கால் வலின்னு நானே சொல்லி சமாளிச்சேன். உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல.

மாப்பிள்ளை தங்கமான பையன், குறை சொல்லல. அவங்க பிராட்டஸ்டன்ட் சபையில நன்மைக்குன்னு சின்ன கப்புல ரைபினா ஜூஸ் ஊத்தி தர்றாங்களாம், அது ஒரு நினைவுக்குத்தான் அத்தைன்னு சோறு போடுறப்ப சொன்னாரு, நீயும் தலைய ஆட்டுன. அந்த தலையாட்டல்தான் எனக்கு தூக்கத்தையே கெடுக்குது. அவங்க பைபிள்லயும் 'நினைவுகூரும்படி'ங்கறதுக்கு முன்னாடியே 'என்னுடைய சரீரமாயிருக்கிறது'ன்னு இருக்கே, எடுத்து பாரு. யோவான் 6ல என் சதைய சாப்பிடணும்னு இயேசு சொன்னதும், இந்த பேச்சு கடினம்னு சீடருங்க நெறைய பேரு கிளம்பி போறாங்க, சும்மா அடையாளத்துக்கு சொன்னேன்னு இயேசு யாரையும் திருப்பி கூப்பிடலயே. லூத்தரே 1529ல ஜெர்மனியில மார்பர்க்ல, அது வெறும் அடையாளம்தான்னு சொன்ன ஸ்விங்லிகிட்ட வாதாடுறப்ப மேசை மேல சாக்பீஸால 'இது என் உடல்'னு எழுதி வச்சிட்டு அசையலயாம், நம்ம கத்தோலிக்க சபைய விட்டு பிரிஞ்சு போன மனுஷனே! உனக்கு மறைக்கல்வி எடுத்தவ நானு, புதுநன்மைக்கு, அதான் முதல் தடவ நன்மை வாங்குறப்ப, முழு ஜெபமும் பாக்காம சொன்னவ நீ.

அப்பாயி காலத்துல, 1957க்கு முன்னால, நன்மை எடுக்கணும்னா நடுராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் கூடாது, அதுக்கும் முன்னால அந்த தண்ணியும் கிடையாது, வெறும் வயித்தோட தோட்டத்துலேருந்து டவுனுக்கு நடந்து வந்து எடுப்பாங்க. இப்ப ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தா போதும், அதுக்கே நமக்கு வலிக்குது.

பாவசங்கீர்த்தனம் பண்ணாம, அதான் ஃபாதர்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு வாங்காம, எடுக்கக்கூடாதுன்னு உக்காந்திருந்தா சரி, எனக்கு பெருமைதான். அப்படி இல்லன்னா கோலாலம்பூர்ல ஒரு ஃபாதர்கிட்ட பேசும்மா. கோவிலுக்கா பஞ்சம் அங்க, போய் பேசு.

ஜூலை 26 அன்னம்மா திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் போறோம், ரெண்டு பேரும் வாங்க. மாப்பிள்ளைக்கு நன்மை குடுக்க மாட்டாங்க, முன்னாடியே பக்குவமா சொல்லி வை, வரிசையில வந்து நெஞ்சுல கைய குறுக்கா வச்சா ஆசி குடுப்பாங்க. நீ எந்த மாதிரி வரிசையில வருவேன்னு மட்டும் போன் பண்ணி சொல்லு, அப்பா இருக்கறப்ப வேணாம்.

அம்மா