திருவாடானைப் பக்கத்துச் சொந்தங்களுக்கு, பெகுவிலிருந்து நன்றி

அன்புள்ள பெரியவர்களுக்கும் அக்கா, தம்பிமார்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஊரில் சொந்தம் தேடி வந்துவிட்டு, நல்லபடியாகப் பர்மாவில் இருக்கும் எங்கள் பெகு வந்து சேர்ந்தோம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, நடக்கிறார்.

எங்கள் தாத்தா ஜப்பான் சண்டையில் 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்களோடும் போகவில்லை, கடைகளை அரசு எடுத்துக்கொண்ட 1964க்குப் பிறகு கப்பலேறியவர்களோடும் போகவில்லை. இங்கே வயல் இருந்தது, தங்கிவிட்டார். அதனால் உங்கள் ஊர் எங்களுக்குக் காதால் கேட்ட ஊர்தான். கையில் இருந்தவை ஊர்ப் பெயரும் குலசாமி பெயரும் மட்டும். எந்த ஆபீஸ் தாளிலும் கிடைக்காததை ஐயனார் கோயில் பூசாரி ஐயா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். ஐயனாருக்கு மண்குதிரை தூக்கிவரும் புரவி எடுப்புக்கு எந்தெந்த வீட்டார் வரி கொடுப்பார்கள், அதில் பர்மா போனது யார், பங்காளி வீடு எது என்று எல்லாம். முதல் நன்றி அவருக்கு.

அடுத்தது தண்ணீர் தந்த எதிர்வீட்டு அக்காவுக்கு. பெகு பக்கம் ஜூனில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. வயலில் தேங்கும் தண்ணீரை எப்படி வடிப்பது என்பதுதான் எங்கள் கவலை. அங்கேயோ காவிரிக் கூட்டுக் குடிநீர் திறக்கும் நேரம் பார்த்து, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் கிளம்புகிறார்கள். திருச்சிப் பக்கத்துத் தண்ணீர் இத்தனை தூரம் குழாயில் வருகிறது என்றால் அம்மா நம்பவே இல்லை. அந்தத் தண்ணீரில்தான் தினமும் இரண்டு குடம் எங்களுக்கென்று ஒதுக்கி வைத்தீர்கள். விருந்துக்கு ஆடு அடித்ததைவிட எனக்கு அதுதான் பெரிது.

சித்தப்பா என்னைக் கண்மாய்க் கரை நெடுக நடத்திக் காட்டினார். வயலுக்குத் தண்ணீர் விடும் மடை எது, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எது, சீமைக்கருவேலம் எவ்வளவு இடத்தைத் தின்றுவிட்டது என்று. நாங்கள் கொட்டும் மழையில் நாற்று நடுகிறவர்கள். நீங்கள் ஆவணி, புரட்டாசியில் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறீர்கள். மழை ஏமாற்றினால் அந்த வருஷம் வைக்கோல்தான் மிச்சம், அடுத்த போகம் என்று ஒன்று கிடையாது. அந்தத் துணிச்சல் எனக்கு வராது, சித்தப்பா!

அந்தக் கரையில்தான் அம்மா சறுக்கி விழுந்தார். யாரும் கூப்பிடாமலே டிவிஎஸ் எக்ஸெல்லைக் கொண்டுவந்து, அவரை முன்னும் பின்னும் பிடித்து உட்காரவைத்துத் திருவாடானை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன தம்பிகளுக்கு என்ன சொல்வது! பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லி அம்மாவின் காசைத் திருப்பிக் கொடுத்த கண்டக்டருக்கும் நன்றி. 2021லிருந்தே இப்படித்தானாம். ஓசிப் பயணம் வேண்டாம் என்று அம்மா அடம்பிடித்ததில் பஸ்ஸே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலையிலேயே சுடச்சுட உப்புமா போடுவதையும் பார்த்தோம். இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு அது இல்லை. கரண்டும் இங்கே வருகிற நேரத்தைவிடப் போகிற நேரம் அதிகம், சோலார் பலகையை நம்பித்தான் காலம் ஓடுகிறது.

ஒன்று மட்டும் மனசை உறுத்தியது. இத்தனை வசதி வந்த ஊரில் களையெடுக்க ஆள் இல்லை. வாலிபப் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். குறை சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் தாய்லாந்து, மலேசியா என்று கிளம்பியவர்கள்தான்.

அப்புறம், எதிர்வீட்டு அக்கா கவனத்துக்கு: உங்கள் தள்ளுவண்டியின் முன்சக்கரம் ஆடுகிறது. மாற்றப் பணம் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றீர்கள். அதைப் பூசாரி ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். கோபிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெகுவிலிருந்து உங்கள் பங்காளி வீட்டுப் பேரன், குடும்பத்தாருடன்