படத்தில் இருந்த பூங்கா வரைபடத்தில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருகோணமலை நிலாவெளி வீதிப் பக்கம் பெரிய காணிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, வாசலில் வளைவு கட்டி, சகல வசதிகளும் உள்ள குடியிருப்புத் திட்டம் என்று பலகை போட்டு விற்கிறார்கள். போன ஆடியில் நாங்களும் அப்படி ஒன்றில் 12 பேர்ச் காணி வாங்கினோம். காணி காட்டிய தரகர் நல்ல மாதிரித்தான் பழகினார். "அக்கா, இந்த மூலையில பிள்ளையளுக்குப் பூங்கா, முன்னால 20 அடி வீதி, மழைத் தண்ணி ஓடுற கான் எல்லாம் கம்பனி கட்டித் தரும்" என்றார், அவர் தந்த கலர்க் கடதாசியிலும் அந்த மூலை பச்சையாகத்தான் இருந்தது, நம்பிக் கையெழுத்து வைத்தோம்.

கார்த்திகை மழைக்குள் போய்ப் பார்த்தால் எங்கள் துண்டில் கணுக்கால் அளவு தண்ணீர். கான் வெட்டவே இல்லை. பூங்கா என்று காட்டிய இடத்தில் புது எல்லைக்கல் நட்டு, சிவப்பு மையால் இலக்கம் எழுதியிருந்தது. பிறகுதான் நில அளவையாளரின் வரைபடத்தை மேசையில் விரித்தோம். அதில் பூங்காவே இல்லை, அதுவும் விற்கிற துண்டு!

தரகரைக் கேட்டால், "கம்பனி சொன்னதைத்தான் சொன்னன் அக்கா" என்கிறார். அவருக்குக் கொமிஷன் கொடுப்பது விற்கிறவர், அதை நாங்கள் முதலே யோசித்திருக்க வேண்டும். காணி விஷயத்தில் வாய்ப்பேச்சு செல்லாது, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதியதுதான் செல்லும், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து அதுதான் நிலை.

வாங்க இருப்பவர்கள், முக்கியமாக வெளிநாட்டிலிருந்து போனில் படம் பார்த்துக் காசு அனுப்புகிற பிள்ளைகள், உள்ளூராட்சி சபை அங்கீகரித்த வரைபடத்தின் பிரதியைக் கையில் வாங்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். வீதியும் கானும் எந்த இலக்கத் துண்டு, விற்று முடிந்த பிறகு அவை யார் பெயரில் இருக்கும் என்று கேளுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி பெரிய காணியைப் பிரித்தால் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும், அது எங்கே என்றும் கேளுங்கள். நொத்தாரிசு உங்கள் ஆளாக இருக்கட்டும், காணிப் பதிவகத்தில் அவரே தேடிப் பார்க்கட்டும். முடிந்தால் மாரியில் ஒருக்கால் போய் நின்று பாருங்கள்.

எங்கள் திட்டத்தில் துண்டு வாங்கிய ஏழு குடும்பங்கள் வரைபடப் பிரதியோடு பிரதேச சபைக்குப் போக இருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் திருகோணமலையில் இன்னும் இருப்பார்கள், அவர்களும் தங்கள் சபையில் எழுத்தில் முறையிட வேண்டும்.

ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை